பேருந்துக்கு முன்னால் மின்சாரம் வர வேண்டும்

வேலூர் வட்டாரத்து டவுன் பஸ் பணிமனைகளில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஓர் ஒப்பந்த நிறுவனம் மின்சாரப் பேருந்துகளை வாங்கியபோது, அவற்றின் பராமரிப்பைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மற்ற நகரங்களுக்கும் அவை வரத்தான் போகின்றன. அவை வேலூருக்கு வரும்போது, தனியார் வண்டிகளில் நான் கண்டும் தொட்டும் தெரிந்துகொண்டவை அரசுப் பணிமனைகளுக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டீசல் பேருந்து வாங்கினால் அது வந்த அன்றே ஓடும். பணிமனையில் டீசல் பங்க் இருக்கிறது, இல்லாவிட்டால் சாலையில் இருக்கிறது. மின்சாரப் பேருந்துக்கு அப்படியில்லை. நான் சேர்ந்த இடத்தில் பேருந்துகள் வந்து வரிசையாக நின்றன. உயரழுத்த மின் இணைப்புக்கான விண்ணப்பமே பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் போயிருந்தது. 11 கிலோவோல்ட் லைன் இழுக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மேடை கட்ட வேண்டும், கேபிள் பள்ளம் தோண்ட வேண்டும், எர்த் குழிகள் போட வேண்டும், மின் ஆய்வாளரின் அனுமதி பெற வேண்டும். இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகள்; பணம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரே நேரத்தில் நடந்துவிடாதவை. அவை முடியும் வரை புத்தம் புதிய வண்டிகள் வெயிலில் சும்மா நின்றன. அப்படி நின்றதிலேயே அவற்றின் சிறிய 24 வோல்ட் பேட்டரிகள் (வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி வேறு) இறங்கிப்போய், முதல் செலவு அதற்கே ஆனது. எனவே இடத்தைத் தேர்வு செய்வதும் மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பதும் முதல் வேலையாக இருக்க வேண்டும். பேருந்துக்கு ஆர்டர் கொடுப்பது அதன் பிறகுதான்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 250 யூனிட் பேட்டரி உள்ள 12 மீட்டர் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரியை முழுவதுமாக வடிய விடக் கூடாது. 20 சதவீதம் இருக்கும்போதே வண்டி பணிமனைக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே இரவில் ஒரு வண்டிக்கு ஏற்ற வேண்டியது 200 யூனிட். 10 வண்டி என்றால் 2,000 யூனிட். இரவு 11 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்குள் முடிக்க வேண்டுமானால், 5 மணி நேரத்துக்குச் சராசரியாக 400 கிலோவாட். சார்ஜரிலும் கேபிளிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 440 கிலோவாட். 630 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் 10 வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து, ஒன்றுக்கு 120 கிலோவாட் வீதம் கன்னை, அதாவது சார்ஜர் கேபிளின் முனையில் வண்டியில் செருகும் பிளக்கை, மாட்டிவிட்டால், அந்த நொடியில் தேவைப்படுவது 1,200 கிலோவாட். வண்டியும் யூனிட்டும் அதேதான். மாட்டும் முறை மாறியதால் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய இணைப்பு வேண்டியதாகிறது.

உயரழுத்த இணைப்பின் கட்டணத்தில் யூனிட்டுக்கான தொகை ஒரு பகுதிதான். மாதத்தில் என்றோ ஒரு நாள் சிறிது நேரம் தொட்ட உச்சத் தேவைக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. ஒரே ஓர் இரவு கவனக்குறைவாக எல்லா வண்டிகளையும் ஒன்றாக மாட்டினால், அந்த மாதம் முழுவதற்கும் அதன் சுமை பில்லில் ஏறிவிடும். காலை, மாலை உச்ச நேரங்களில் மின்சாரத்தின் விலையும் கூடுதல். எனவே எந்த வண்டியை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதைக் கவனிக்க இரவு ஷிஃப்டில் ஒரு தனி ஆள் வேண்டும். சார்ஜர்களைக் கணினி வழியே வரிசைப்படுத்தும் வசதி இருந்தாலும், கன்னைச் சரியாகப் பொருத்துவதும், பூட்டு விழுந்ததா என்று பார்ப்பதும், பாதியில் நின்றுபோன சார்ஜைக் கண்டுபிடிப்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைதான். எங்கள் இடத்தில் ஒவ்வொரு சார்ஜருக்கும் அருகே ஒரு கரும்பலகை மாட்டி, வண்டி எண், மாட்டிய நேரம், மாட்டும்போது இருந்த சதவீதம், கழற்றிய நேரம் ஆகியவற்றைச் சாக்பீஸால் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். விடியற்காலையில் வண்டியை எடுக்க வரும் ஓட்டுநர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் இருக்கையில் ஏறுவார்.

துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படுவது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்தது. இரவு சார்ஜுக்கு அதனால் பாதகமில்லை. மதியம் இடைச் சார்ஜ் போடும் வண்டிகள்தான் பாதிக்கப்படும். அறிவிப்பு முன்கூட்டியே வருவதால், அன்று எந்த நடைகளை (டிரிப்புகளை) டீசல் வண்டிக்கு மாற்றுவது என்று முந்தைய நாளே முடிவு செய்துவிடலாம். முழுப் பணிமனையையும் ஒரே மூச்சில் மின்சாரத்துக்கு மாற்றாமல், சில ஆண்டுகளுக்கு இரு வகை வண்டிகளையும் சேர்த்து வைத்திருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சீனாவின் ஷென்சென் நகரம் 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை முழுமையாக மின்சாரத்துக்கு மாற்றியது உண்மைதான். அங்கும் அது பல ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்த வேலையே.

அடுத்தது ஷெட்யூல். டீசல் காலத்தில் டயம் கீப்பர் எரிபொருளைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. மின்சாரத்தில் ஒவ்வொரு நடையும் பேட்டரியின் கணக்கோடு கட்டப்பட்டது. கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் செலவானால் 200 யூனிட்டில் 180 கிலோமீட்டர் ஓடலாம். நெரிசலும் குளிர்சாதனமும் சேர்ந்து 1.4 யூனிட் ஆகிவிட்டால் 140 கிலோமீட்டரைத் தாண்டுவதே கடினம். விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பி ஷெட்யூல் போடக் கூடாது. உங்கள் வழித்தடத்தில், உங்கள் ஓட்டுநரை வைத்து, மே மாதத்தில், ஆள் நிரம்பிய வண்டியில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு தன் கொள்ளளவை இழக்கும். முதல் ஆண்டின் திறனை முழுதாகப் பயன்படுத்தும்படி ஷெட்யூல் போட்டால், நான்காம் ஆண்டு அதே வண்டி கடைசி நடையில் பாலாற்றுப் பாலத்தின் மேல் நிற்கும்.

எங்கள் மே மாதம் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாடு அறியும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெயில் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கமான செய்தி. சுற்றியுள்ள பாறை மலைகள் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவிலும் விடுவதில்லை. நம் பேருந்துகளில் பெரும்பாலும் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மற்ற வகைகளைவிடச் சூட்டைத் தாங்குபவை என்றாலும், அளவுக்கு மீறிய வெப்பம் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். மதிய நடை முடிந்து வந்த வண்டியை உடனே வேகச் சார்ஜரில் மாட்டினால், பேட்டரியின் கட்டுப்பாட்டு அமைப்பு வெப்பத்தைக் கண்டு சார்ஜின் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எண்ணியது ஒன்றரை மணி நேரம் இழுக்கும். அடுத்த நடை தாமதமாகும். குளிர்விக்கும் அமைப்பை ஓடவிட்டபடி இருபது நிமிடம் நிழலில் நிறுத்திவிட்டுப் பிறகு மாட்டியபோது, மொத்த நேரம் குறைந்ததையே நாங்கள் கண்டோம். சார்ஜ் செய்யும் இடத்துக்கு மேற்கூரை போடுவது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு கோடைகாலம் இங்கே வந்து வேலை செய்து பார்க்க வேண்டும். கூரையின் மேல் சூரியத் தகடுகளைப் பதித்தால் பகல் செலவிலும் ஒரு பங்கு குறையும்.

வேலூரில் முதலில் எந்த வழித்தடம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் காட்பாடி–பாகாயம் என்பேன். ஒரு நடைக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டாத தூரம், அடுக்கடுக்கான நிறுத்தங்கள், ஊர்ந்து செல்லும் நெரிசல். டீசல் வண்டியின் கே.எம்.பி.எல். (ஒரு லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர்) படுத்துவிடும் இடத்தில்தான் மின்சார வண்டி நன்றாக உழைக்கும். நின்றுகொண்டிருக்கும்போது அதன் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. குடியாத்தம், ஆற்காடு போன்ற தடங்கள் இரண்டாம் கட்டத்துக்கு உரியவை. திருவண்ணாமலை போன்ற தூரத்துத் தடங்களை, மறுமுனையிலும் சார்ஜர் அமைத்த பிறகே நினைக்க வேண்டும்.

மலைப்பாதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊழியர் சுற்றுலாவுக்காக எங்கள் வண்டி ஒன்று ஏலகிரிக்குப் போனது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அது சலனமில்லாமல் ஏறியது. 15 டன் எடையை 600 மீட்டர் உயர்த்த மட்டுமே ஏறத்தாழ 25 யூனிட் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்ப வரும். கவனிக்க வேண்டியது இறக்கத்தைத்தான். மலை மேலே சார்ஜர் அமைத்து 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாததுபோல, திரும்பி வரும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்காது. மோட்டார் தரும் பிரேக் கிடைக்காமல், முழுச் சுமையும் காற்று பிரேக்கின் மேல் விழும். எனவே மலையிலிருந்து இறங்கும் வண்டியில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கம் என்றாவது இவ்வண்டிகள் போனாலும் இது பொருந்தும்.

ஓட்டுநர்கள் விஷயத்தில் எனக்கு இருந்த கவலை விரைவில் தீர்ந்தது. நெடுங்காலம் டீசல் வண்டி ஓட்டிய ஒருவர் முதல் வாரத்தில், “எடது காலு இன்னும் கிளட்ச தேடிக்கினே கீது சார்” என்றார். மாத முடிவில், வீட்டுக்குப் போனால் முழங்கால் வலி இல்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் ஓட்டும் முறை ஒவ்வொருவருக்கும் வேறுபட்டது. ஒரே வண்டி, ஒரே தடம், ஒருவர் கையில் கிலோமீட்டருக்கு 1 யூனிட்டும் இன்னொருவர் கையில் 1.3 யூனிட்டும் எடுத்தது. மின்மோட்டார் முதல் நொடியிலிருந்தே முழு இழுவிசையைத் தரும் என்பதால், ஆக்சிலேட்டரை டீசல் வண்டியில்போல அழுத்தினால் வண்டி பாயும். நிற்கும் பயணிகள் விழுவார்கள். டயரும் சீக்கிரம் தேயும். நிறுத்தத்துக்கு வெகுமுன்பே காலை எடுத்து வண்டியைத் தானாக மெதுவாக விடுபவரிடம் யூனிட் மிஞ்சும், பிரேக் லைனிங்கும் நெடுநாள் வரும். ஓட்டுநர்களின் யூனிட் கணக்கைத் தண்டனைக்குப் பயன்படுத்தாமல், நன்றாக ஓட்டுபவரின் பக்கத்தில் மற்றவரை இரண்டு நடை உட்கார வைத்தோம். அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

சத்தமின்மை எல்லோரும் புகழும் குணம். ஆனால் ஐடா ஸ்கடர் சாலையில், சி.எம்.சி. மருத்துவமனையின் எதிரே, அது ஆபத்தும்கூட. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்திருக்கும் நோயாளிகளும் உடன் வந்தவர்களும் எக்ஸ்ரே உறைகளோடும் மருந்துப் பைகளோடும் சாலையைக் கடக்கிறார்கள். நம் ஊர் மக்கள் பேருந்து வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் அறிபவர்கள். சத்தமில்லாத வண்டியை அவர்களே கவனிக்கத் தவறலாம்; வெளியூரிலிருந்து வந்த இவர்களோ கவலையில் இருப்பவர்கள். மெதுவான வேகத்தில் தானாக ஒலி எழுப்பும் கருவி வண்டியில் இருக்கிறதா, இருந்தால் அது வேலை செய்கிறதா என்பதை, பிரேக்கைச் சோதிப்பதுபோல நாள்தோறும் சோதிக்க வேண்டும். அந்தச் சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடவும் கூடாது.

பணிமனை வேலைக்கு வருகிறேன். இன்ஜின் ஆயில், ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், சைலன்சர் எதுவும் இல்லை. அதனால் வேலையே இல்லை என்று நினைத்தவர்கள் உண்டு. காற்று பிரேக், சஸ்பென்ஷன், கதவு, ஸ்டீயரிங், டயர், குளிர்விக்கும் நீர் ஓட்டம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் வண்டிகள் வழியில் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் பெரிய பேட்டரியோ மோட்டாரோ அல்ல. சிறிய 24 வோல்ட் பேட்டரி, கதவு சென்சார், கூலன்ட் பம்ப், தளர்ந்த கனெக்டர் போன்ற சிறு பொருட்களே. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தும், அதை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டரை இயக்க 24 வோல்ட் இல்லாததால் வாலாஜாபேட்டை அருகே வண்டி அசையாமல் நின்றது. அதன் பிறகு இந்தச் சிறு பேட்டரிகளைக் குறித்த கால இடைவெளியில், அவை கெடும் முன்பே மாற்றினோம். அந்தக் கோளாறு நின்றுபோனது.

நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வரும் நம் வழக்கம் இங்கே உதவாது. பின்சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். அது மின்கருவிகளைக் கெடுக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் சொல்லியபடி அச்சு இணைப்பைக் கழற்றியோ, பின்பக்கத்தைத் தூக்கியோதான் கொண்டுவர வேண்டும். மீட்பு வண்டி ஊழியருக்கு இதை முதல் நாளே கற்பிக்காவிட்டால், ஒரு சிறு பிரேக்டவுன் பல லட்ச ரூபாய்ச் செலவாக வளரும். இரவில் வண்டி கழுவுபவர்களுக்கும் அதேபோலப் பயிற்சி வேண்டும்: ஆரஞ்சு நிறக் கேபிள்களும் அவற்றின் இணைப்புகளும் உள்ள இடங்களில் அழுத்த நீரைப் பாய்ச்சக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பணிமனை முற்றத்தில் நீர் தேங்கும் இடம் எது என்பது அங்கே வேலை செய்பவருக்குத்தான் தெரியும். சார்ஜர் மேடையின் உயரத்தை அவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

செலவுக் கணக்கு எளியது. டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாய்க்கு மேல். டவுன் பஸ் 5 கிலோமீட்டர் தந்தால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய்க்குக் குறையாது. எல்லாக் கட்டணமும் சேர்த்து யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும், 1.2 யூனிட்டுக்கு 11 ரூபாய்க்குள் முடிகிறது. ஆனால் வண்டியின் விலை டீசல் வண்டியைப் போலப் பல மடங்கு என்பதால், நாள் முழுவதும் ஓடினால்தான் இந்த மிச்சம் கணக்கில் நிற்கும். நிற்கும் மின்சாரப் பேருந்து நிற்கும் டீசல் பேருந்தைவிட அதிக நஷ்டம்.

சென்னையில் பின்பற்றப்படும் ஒப்பந்த முறையில், பேருந்தும் ஓட்டுநரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தவை. நடத்துநரும் கட்டண வருவாயும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. வாங்கும் சுமையைக் கழகத்தின் தலையில் ஏற்றாத முறை என்பதால் இதற்கு நியாயம் உண்டு. வேலூருக்கு இது வந்தால் இரண்டு விதிகளை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின் கட்டணத்தைக் கழகம் ஏற்றால், கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் ஆனால் நிறுவனம் பொறுப்பு என்று வரம்பு எழுத வேண்டும். வண்டியின் கோளாறுப் பதிவும் பேட்டரியின் நிலையும் கழகத்தின் பொறியாளர்கள் நாள்தோறும் பார்க்கக் கூடியவையாக இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் கழகத்திடம் தன் வண்டிகளைப் பற்றிய அறிவு எதுவுமே மிஞ்சாது.

இன்னொன்றும் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களின் மாதச் செலவில் அது எத்தகைய விடுதலை என்பதை நான் என் தெருவிலேயே பார்க்கிறேன். மின்சாரப் பேருந்துகள் உயர்கட்டண வண்டிகளாக மட்டும் வந்து, அந்தப் பெண்களுக்குப் புகை கக்கும் பழைய பேருந்துகளே மிஞ்சினால் அது நியாயமாகாது. முதல் வண்டிகளே சாதாரணக் கட்டணத்தில் ஓட வேண்டும். நெரிசல் மிகுந்த அந்தத் தடங்களில்தான் அவற்றின் மின்சாரச் சிக்கனமும் தெரியும்.

பணிமனைத் தோழர்களிடம் உள்ள அச்சம் எனக்குத் தெரியும். டீசல் ஃபிட்டருக்கு இனி வேலை இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். என்னோடு வந்த டீசல் ஃபிட்டர் ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், இன்று எங்கள் இடத்தில் உயர்மின்னழுத்தப் பகுதியைத் திறக்கும் அனுமதி பெற்றவர். பேட்டரியைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, மீட்டரால் மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வைப்பார். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமலும், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமலும் அந்த மூடியைத் தொட மாட்டார். சத்தத்தையும் அதிர்வையும் வைத்து வண்டியின் நோயைக் கண்டுபிடிக்கும் அவருடைய பழைய திறமை, சக்கர பேரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் இன்றும் அவருக்கு உதவுகிறது. வேலூர் மண்டலத்தின் ஒவ்வொரு பணிமனையிலிருந்தும் இரண்டு ஃபிட்டர்களையும் ஓர் எலக்ட்ரீஷியனையும், பேருந்துகள் வரும் வரை காத்திராமல், சென்னையின் மின்சாரப் பணிமனைகளில் இரவு ஷிஃப்டில் ஒரு மாதம் உடனிருந்து பார்க்க இந்த ஆண்டே அனுப்ப வேண்டும். போக்குவரத்துப் படியும் தங்கும் இடமும் கொடுத்தால் போதும். போவதற்குத் தயாராக இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.